வெல்ட் வைக்கக் கூடாத பக்கம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரும்புக் கட்டடங்களில் ஒரு துண்டும் இன்னொரு துண்டும் சேரும் இடத்தைக் கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கிறேன் என்றால், "அது மட்டுமா?" என்கிறார்கள். அது மட்டும்தான். தூண் எவ்வளவு தடிமன், உத்தரம் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் வேறு யாராவது முடிவு செய்து அனுப்பிவிடுவார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எத்தனை போல்ட், எந்த அளவில் வெல்டிங், எந்தப் பக்கம் இறுக்க வேண்டும், எந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும் என்பது என் பாடு. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைப் பக்கம், எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடங்களாக இதைத்தான் செய்கிறேன்.

இந்த வேலையில் மனுஷிக்கு நல்ல குணம் தங்காது. நான் எட்டு போல்ட் வரைந்திருப்பேன், ஆறு போட்டுவிட்டு மீதி இரண்டு ஓட்டைகளில் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். போல்ட் போட்ட இடத்தில் சும்மா இருக்கட்டுமே என்று சுற்றி வெல்டிங்கும் வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "கூடுதல் ஸ்ட்ராங் மேடம்" என்பார்கள். கூடுதலாக உப்புப் போட்டால் சாம்பார் கூடுதல் ருசியாகிவிடுமா என்று ஒருமுறை கேட்டேன். அந்த ஆள் சிரித்துவிட்டு மறுநாளும் வெல்டிங் வைத்தார்.

நான் வரைந்து கொடுப்பதைப் பெரும்பாலும் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில்தான் செய்வார்கள். முதலாளி பேச்சில் தேன். எதைக் கேட்டாலும் "ஆச்சு மேடம், முடிஞ்ச மாதிரிதான்" என்பார், அப்போது இரும்பே வந்திறங்கியிருக்காது. அவரிடம் ஒரு ஃபிட்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒல்லியானவர், அதிகம் பேச மாட்டார். வெல்டிங்கும் அவரே வைப்பார். அவர் வைத்த வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு மேடு பள்ளம் தட்டாது. கைவேலை சுத்தம், ஆனால் தன் இஷ்டத்துக்கு வேலை செய்கிறவர் என்பது அவரைப் பற்றி என் முடிவு. அந்த முடிவுக்கு நான் வந்தது லால்குடியில்.

லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலைக்குக் கொட்டகை. மேலே தூக்கி வைத்துப் பார்த்தால் உத்தரத்தின் ஓட்டையும் தூணின் ஓட்டையும் ஒன்றோடொன்று சேரவில்லை, விரற்கடை விலகியிருந்தது. என்னைக் கேட்காமல் இவர் கேஸ் கட்டரால் ஓட்டையைப் பெரிதாக்கி, மேலே வாஷரை வைத்து வெல்டிங்கும் அடித்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது பொரிந்துபோன ஓட்டை வாஷருக்கு வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆலை முதலாளி, லோடுமேன்கள், பட்டறை ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது அவரைக் கீழே இறங்கச் சொன்னேன்.

"யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க ட்ராயிங்ல இருக்கறத மட்டும் செய்யுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் அங்கேயே நின்று அதை அறுத்தெடுக்க வைத்து, புதுத் தகடு போட வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன். இந்தத் தொழிலில் ஒரு பெண் கோபப்பட்டால்தான் சொன்னது நடக்கும் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். கோபம் எனக்கு நன்றாக வேலை செய்துகொண்டும் இருந்தது.

அடுத்த வருடம் பாலக்கரைப் பக்கம் ஒரு பங்குக் கோயிலின் வேலை வந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு திறந்த முற்றம். ஒரு பக்கம் பழைய செங்கல் சுவர், சுண்ணாம்பு வைத்துக் கட்டியது, நல்ல உயரம். மறுபக்கம் காலி. அந்தப் பக்கம் புதிதாக இரும்புத் தூண்களை நிறுத்தி, தூணுக்கும் சுவருக்கும் நடுவே கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ் ஐந்து போட்டு, மேலே தகரம் வேய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு அங்கேதான் நடக்கும். வெயிலில் உட்கார முடியவில்லை என்று பங்குப் பேரவைச் செயலாளர் சொன்னார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுப் பதிலை முழுக்க எதிர்பார்க்கிறவர்.

"அந்தச் சுவரு தாங்குமா மேடம்?" என்றார்.

தாங்கும் என்றேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கூரையின் பாரத்தைச் சுவர் கீழ்நோக்கித் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. இரும்பு வெயிலில் நீளும். திருச்சி வெயிலில் தகரத்துக்கு அடியில் கிடக்கிற பன்னிரண்டு மீட்டர் ட்ரஸ் நாலைந்து மில்லிமீட்டராவது நீளும், ராத்திரி சுருங்கும். தூண் பக்கம் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியிருப்பதால் நீளுகிற இரும்பு சுவர் பக்கம்தான் போக வேண்டும். அதனால் சுவர் மேல் உட்காருகிற முனையின் பிளேட்டில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை. ஸ்லாட் என்போம். நட்டைக் கையால் முடுக்கி விட்டுவிட வேண்டும். வெல்டிங் கூடவே கூடாது. ட்ரஸ் அதன் பாட்டுக்கு முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும், சுவருக்கு ஒன்றும் தெரியாது.

"காவிரிப் பாலத்துல கேப் விட்டிருக்காங்கள்ல, அது மாதிரியா?" என்று கேட்டார் செயலாளர். அந்த இணைப்புகளைச் சரிசெய்யப் பாலத்தை மாதக்கணக்கில் மூடியபோது ஊரே சுற்றிச் சுற்றிப் போய் வந்ததால், இதைப் புரியவைப்பது சுலபமாகிவிட்டது. அதேதான் சார் என்றேன்.

ட்ராயிங்கை அனுப்பினேன். பட்டறையில் வேலை தொடங்கியது. மார்ச்சில் ஒரு நாள் நான் மகனின் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, ஃபிட்டர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை வெளியே வந்து எடுத்தேன்.

"மேடம், சொவத்துப் பக்கம் பிளேட்டுல ஒரு சந்தேகம். வெல்டு..."

"ட்ராயிங்ல என்ன இருக்கு?"

"இருக்கு மேடம், ஆனா..."

"ட்ராயிங்ல இருக்கறத செய்யுங்கன்னு எத்தன தடவ சொல்றது? லால்குடில பட்டது போதாதா? மறுபடி ஒங்க மூளைய அதுல நுழைக்காதீங்க."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

கூரை ஏறியது. நான் போய்ப் பார்த்தேன், ஆனால் தூண் பக்கம் மட்டும். சுவர் பக்கம் ஏணி வைக்க முடியாதபடி சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பட்டறை முதலாளி கீழேயிருந்து எடுத்த போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அதில் நட் இருப்பது தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் கடைசியில் செயலாளர் கூப்பிட்டார். "ஒண்ணும் பதற்றப்படாதீங்க, சொவத்துல ஒரு விரிசல் தெரியுது. வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

விரிசல் மெல்லியதுதான். ஆனால் அது ஓடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சுவரின் தலையில் போட்டிருந்த கான்கிரீட் பட்டைக்கு அடியில், செங்கல் வரிசையை ஒட்டி, நேராக, நீளத்துக்கும் போயிருந்தது. ஜன்னல் மூலையில் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. யாரோ உள்ளேயிருந்து கையை வைத்துத் தள்ளின மாதிரி. அந்தச் சுவருக்கு அடியில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தூண்கள் இருக்கிற திறந்த பக்கம் வெயில் சாய்ந்து உள்ளே வரும் என்பதால் பிள்ளைகள் சுவரோரமாகத்தான் உட்காருவார்களாம்.

ஏணியில் ஏறினேன். சுவர் பக்க பிளேட்டைச் சுற்றி, கான்கிரீட்டில் பதித்த அடித் தகட்டோடு சேர்த்து, நாலு பக்கமும், ஒரு இடம் விடாமல் வெல்டிங். அழகான வெல்டிங். நீள ஓட்டை நடுவில் அசட்டுத்தனமாகத் திறந்திருந்தது, போல்ட் அதில் நகர வழியில்லாமல் நின்றது. அடுத்த ட்ரஸ்ஸிலும் அப்படித்தான். ஐந்திலும் அப்படித்தான்.

ஏணியிலிருந்து இறங்காமலே முதலாளிக்குப் போன் போட்டேன். அரை மணியில் அவரும் ஃபிட்டரும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்தார்கள். பங்குத்தந்தை, செயலாளர், கோயில்பிள்ளை எல்லாரும் நின்றார்கள். மறுபடியும் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான், எதிரே அவர்.

"யாரக் கேட்டு வெல்ட் வச்சீங்க?" என்றேன்.

"ட்ராயிங்ல இருந்துச்சு மேடம்."

"பொய் சொல்லாதீங்க. ஸ்லாட் போட்ட எடத்துல நான் வெல்ட் போடுவேனா? நான் என்ன பைத்தியமா?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு பங்குத்தந்தையைப் பார்த்தார். "நாளைலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்யா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அவ்வளவு வேகமாக அவர் எந்த வேலையையும் முடித்து நான் பார்த்ததில்லை. நான் தடுக்கவில்லை. சரியான தண்டனை என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளை இனி உள்ளே உட்கார வைக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை பங்குப் பேரவைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பட்டறையின் பிழை இது, வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது, இணைப்பைக் காண்க என்று எழுதி, இணைப்புக்காக அந்த ட்ராயிங்கைத் திறந்தேன். சுவர் பக்க முனையைப் பெரிதாக்கினேன். நீள ஓட்டை இருந்தது. நட்டைக் கையால் முடுக்கவும் என்ற குறிப்பு இருந்தது. பிளேட்டின் ஓரத்திலிருந்து ஒரு அம்பு கிளம்பி, வளைந்து, ஒரு சின்ன முக்கோணத்தில் முடிந்தது. வளைவில் ஒரு வட்டம்.

முக்கோணம் என்றால் வெல்டிங். வட்டம் என்றால் சுற்றிலும்.

சுற்றி வெல்டிங் வைக்க வேண்டிய தூண் பக்க முனையை வரைந்து முடித்ததும், அதையே நகல் எடுத்துத் திருப்பிப் போட்டு, சுவர் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறேன். ஓட்டையை மாற்றினேன், குறிப்பை மாற்றினேன், அந்த அம்பை அழிக்க மறந்துவிட்டேன். இருபது வருட அனுபவத்தின் லட்சணம் இது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு பட்டறையும் என் ட்ராயிங்கை மதிக்காமல் தன் இஷ்டத்துக்குச் செய்தது. ஒரே ஒரு தடவை ஒருவர் வரைந்தது வரைந்தபடி செய்தார், அது இந்த ட்ராயிங்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். நாற்காலியை உதைத்தேன், கால் வலித்ததுதான் மிச்சம். பிறகு அந்த அம்பைத் தொட்டு அழித்தேன். சேமித்தேன். திரையில் இப்போது எல்லாம் சரியாக இருந்தது. பட்டறையில் இருக்கிற அச்சுப் பிரதி எண்ணெய்க் கறையோடு எங்காவது கிழிந்து கிடக்கும். யாரும் தேடப் போவதில்லை. பழி ஏற்கெனவே ஒருவர் தலையில் விழுந்து, அவரும் போயாகிவிட்டது. கால் மணி நேரம், உண்மையில் அதற்கு மேலும் இருக்கலாம், அந்தச் சரியான ட்ராயிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அனுப்பிவிடத்தான் மனம் இருந்தது.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்டால் பெரிய காரணமாக எதுவும் சொல்லத் தெரியவில்லை. அந்த வெல்டிங்கை இனி யாராவது அறுக்க வேண்டும், அறுக்கிறவர் ஏன் வைத்தார்கள் என்று கேட்பார், நான் மறுபடி பொய் சொல்ல வேண்டியிருக்கும். அலுப்பாக இருந்தது.

அரியமங்கலம் போய் முதலாளியிடம் சொன்னேன். மனுஷன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு நிம்மதி. "விடுங்க மேடம், இதெல்லாம் சகஜம். ஃபாதர்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதீங்க. வெல்டர் தப்புன்னு சொல்லியாச்சுல்ல, அப்படியே போவட்டும்" என்றார்.

"அவர மறுபடி வரச் சொல்லுங்க."

"எங்கங்க மேடம், அன்னிக்கே கணக்க முடிச்சிட்டுப் போயிட்டாரு."

செயலாளரிடமும் போய்ச் சொன்னேன், பிழை என்னுடையது என்று. கணக்கு வாத்தியார் "எப்ப சரியாகும்?" என்று மட்டும் கேட்டார். எத்தனை பதில் தயாராக வைத்துக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை.

ஃபிட்டருக்கு நான்தான் போன் செய்தேன். விரிசல் விட்ட சுவரின் தலையில் உட்கார்ந்துகொண்டு, கான்கிரீட்டையும் போல்ட்டையும் தொடாமல், வெல்டிங்கை மட்டும் அறுக்க வேண்டும். அவரைத் தவிர யாரையும் நம்பி ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. கூப்பிட்ட பிறகுதான் அவரை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் தடுமாறினேன். இத்தனை வருடமும் "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "அண்ணே" என்றேன். ட்ராயிங்கில் இருந்தது என் தப்புதான் என்றும், வந்து அறுத்துத் தர முடியுமா என்றும் கேட்டேன்.

"சனிக்கிழம வரேன் மேடம்" என்றார்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டார். கூட ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார். ஒவ்வொரு ட்ரஸ்ஸுக்கும் அடியில் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, பாரத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்ல வாயெடுத்த ஒவ்வொன்றையும் அதற்கு முன்பே செய்திருந்தார். பிறகு மேலே ஏறிக் கிரைண்டரைப் பிடித்தார். மூன்று பக்கம் அறுத்து முடிந்தது. நாலாவது பக்கத்தில் கடைசி அங்குலம் விடுபட்டபோது டக்கென்று ஒரு சத்தம். பிளேட் தானாக நகர்ந்தது. சுவரின் மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து என் தோளில் விழுந்தது. இத்தனை நாளும் அந்தச் சுவர் பிடித்துக்கொண்டிருந்தது இரும்பின் அந்தத் தள்ளலைத்தான்.

"ரெண்டு மில்லி போயிருக்கு" என்று மேலேயிருந்து அளந்து சொன்னார்.

இறங்கி வந்து டீ குடிக்க உட்கார்ந்தார். இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கடையில், கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்வதாகச் சொன்னார். ட்ரஸ் வேலை பார்த்த கைக்கு அது எவ்வளவு கீழே என்று எனக்குத் தெரியும். அவரும் அதைத் தெரிந்துதான் சொன்னார்.

"அங்க ட்ராயிங் எல்லாம் கெடையாது மேடம். இந்த மாதிரி வேணும்னு கையால காட்டுவாங்க, செஞ்சு குடுத்துருவேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அன்றைக்கு நீங்கள் போன் செய்தபோதே நான் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும், உங்களுக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது என்றேன்.

"சந்தேகம் இல்லங்க மேடம்" என்றார். "ஸ்லாட்டும் வெல்டும் ஒரே பிளேட்டுல வராது, அது எனக்குத் தெரியும். எத்தன கூரை ஏத்தியிருக்கேன். ட்ராயிங்ல தப்பா விழுந்திருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"தெரிஞ்சுமா வச்சீங்க?"

கையிலிருந்த டீயை அவர் குடித்து முடித்தார். கோபமாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"பாத்துட்டுச் சொல்றேன்னு நீங்க சொல்லியிருந்தா வேலைய நிறுத்தி வச்சிருப்பேன். வைங்கன்னு சொல்லியிருந்தாகூட, இன்னொரு தடவ கேட்டுட்டுத்தான் வச்சிருப்பேன். நீங்க திட்டினீங்க. அதனால வச்சுட்டேன்."

டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஏணியை அடுத்த ட்ரஸ்ஸுக்கு நகர்த்தினார். வெயில் ஏறிவிட்டது, தகரம் மேலே சடசடக்கத் தொடங்கியிருந்தது. நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீதி நான்கையும் அறுத்து முடிக்கும்வரை அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.